ராடிக்கின் வாலி

அன்புள்ள ஐயா,

சென்ற வாரக் கட்டுரையில் போகிறபோக்கில் 2009ஐ டென்னிஸில் 'ஆண்டி ராடிக்கின் வருடம்' என்று எழுதிவிட்டீர்கள். அந்த வருடம் அவர் கிராண்ட்ஸ்லாம் எனும் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்றைக்கூட ஜெயிக்கவில்லையே! ஆஸ்திரேலியா நடாலுக்கு, பாரிஸும் விம்பிள்டனும் ஃபெடரருக்கு, நியூயார்க் டெல் போட்ரோவுக்கு. நான் ஃபெடரர் ரசிகன், அதனால் கொஞ்சம் கோபமும் உண்டு. தோற்றவர்களைத் தூக்கிப்பிடிப்பது எழுத்தாளர்களின் வழக்கமா?

எம்.

அன்புள்ள எம்.,

வழக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். உங்கள் பட்டியலும் சரியே. முதலில் உங்கள் ஆளைப் பற்றியே பேசுவோம்.

பிப்ரவரி முதல் தேதி மெல்பர்னில் நடாலிடம் ஐந்து செட்டில் தோற்று, பரிசு மேடையில் பேச முடியாமல் அழுதவர் ஃபெடரர். மே 31 அன்று பாரிஸில் சோடர்லிங் நடாலைச் சாய்த்தார். அந்த மண்ணில் 31 ஆட்டம் ஆடி ஒன்றில்கூடத் தோற்காத நடாலை! இனி ஃபெடரருக்கு வழி திறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு மறுநாள் டிவி முன் உட்கார்ந்தால், டாமி ஹாஸிடம் இரண்டு செட் போயாகிவிட்டது. மூன்றாவதில் 3-4, தன் சர்வீஸிலேயே பிரேக் பாயிண்ட், அதாவது அந்த ஒரு புள்ளி போனால் கேமே ஹாஸுக்கு. பேக்ஹேண்ட் பக்கம் வந்த பந்தைச் சுற்றி ஓடிப்போய் ஃபோர்ஹேண்டால் கோட்டோரம் அறைந்தார். அது வெளியே விழுந்திருந்தால் ஹாஸ் 5-3 என்று ஆட்டத்தை முடிக்க சர்வ் செய்திருப்பார். பாரிஸ் கோப்பை அந்தக் கோட்டோரத்தில்தான் இருந்தது.

இப்போது விம்பிள்டன். முழங்கால் வலியால் நடால் வரவில்லை. இறுதியாட்டத்தின் முதல் செட் ராடிக்குக்கு. இரண்டாவதில் 6-6 சமநிலையை முடிக்கும் டைபிரேக், அதில் ராடிக் 6-2 என்று முன்னிலை. நான்கு செட் பாயிண்ட், ஒன்றை எடுத்தாலும் செட் அவருக்கு. மூன்று போய்விட்டன. நான்காவதில் ராடிக் வலைக்கு வந்துவிட்டார். பந்து உயரமாக, அவருடைய பேக்ஹேண்ட் பக்கம் வருகிறது. மைதானம் முழுக்கத் திறந்து கிடக்கிறது. பந்தை விடலாமா, அடிக்கலாமா என்று மட்டை ஒரு நொடி தயங்கியது போலிருந்தது. தரையில் படுமுன்பே பந்தை அடிக்கும் 'வாலி'யாக அடித்தார். வெளியே. டைபிரேக் 8-6 என்று ஃபெடரர் பக்கம் போனது.

ஆனால் அந்த மனிதர் இடிந்துபோகவில்லை. நான்காவது செட்டை எடுத்தார். ஐந்தாவது செட்டில் அப்போது டைபிரேக் கிடையாது. இருவரும் மாறி மாறி சர்வீஸைக் காப்பாற்றிக்கொண்டே போனார்கள். 10-10, 12-12, 14-14. என் தட்டில் தோசை காய்ந்துபோயிருந்தது. எதிராளி தொடக்கூட முடியாத சர்வீஸான ஏஸ் மட்டும் ஃபெடரர் அன்று 50 அடித்தார். கடைசியில் 16-14. மொத்தம் 77 கேம். ராடிக்கின் சர்வீஸை ஃபெடரர் முறியடித்தது ஒரே ஒரு முறை, அந்த 77ஆவது கேமில். ஃபெடரருக்கு 15ஆவது கிராண்ட்ஸ்லாம் பட்டம், முன்னாள் வீரர் சாம்ப்ராஸின் 14 பட்டச் சாதனை அவர் கண் முன்னாலேயே உடைந்தது. முதுகில் '15' என்று பொன்னிற எழுத்தில் தைத்த மேல்சட்டையை உங்கள் ஆள் போட்டுக்கொண்டார். முன்பே தைத்து வைத்திருந்திருக்கிறார்கள்! எனக்கு இன்றும் அது மட்டும் உறுத்துகிறது. அந்தப் பக்கம் நாற்காலியில் ராடிக் உட்கார்ந்திருந்தார், கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது.

2004, 2005, 2009, மூன்று விம்பிள்டன் இறுதியிலும் அவரைத் தோற்கடித்தது ஒரே ஆள். அதன்பின் எந்த கிராண்ட்ஸ்லாம் இறுதிக்கும் ராடிக் வரவில்லை.

நியூயார்க்கில் 20 வயது டெல் போட்ரோ உங்கள் ஆளை ஐந்து செட்டில் வீழ்த்தியது நல்ல கதைதான். குழந்தை பெற்று, ஓய்விலிருந்து திரும்பி, வைல்டு கார்டு எனும் சிறப்பு அழைப்பில் நுழைந்து பெண்கள் கோப்பையை எடுத்த கிம் கிளைஸ்டர்ஸின் கதை அதைவிட நல்ல கதை. அவருக்குத் தனியாக ஒரு கட்டுரை பாக்கி.

ஒன்று செய்யுங்கள். இரண்டாவது செட் டைபிரேக், 6-5, அந்த ஒரு பாயிண்டை மட்டும் தேடிப் பாருங்கள். கோபம் மிச்சமிருந்தால் அப்புறம் எழுதுங்கள்.