மகளின் ஸ்டாஃப் டிக்கெட்டில் வேட்டியோடு போனேன், ஏற்ற மறுத்துவிட்டார்கள்

கேள்வி: நான் திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், வயது 64. மகள் வளைகுடா நாடொன்றில், ஒரு தனியார் விமான நிறுவனத்தில் வேலை செய்கிறா. பேரப்பிள்ளை பிறந்த 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்கு எங்கள் இருவருக்கும் ஸ்டாஃப் டிக்கெட் எடுத்துத் தந்தா. பத்திரகாளி அம்மன் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு அப்படியே இரவு வான் வண்டியில் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் புறப்பட்டோம். வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, காலில் ரப்பர் செருப்பு. கவுண்டரில் இருந்த பிள்ளை என்னைப் பார்த்துவிட்டு மேலதிகாரியைக் கூப்பிட்டா. அவர் வந்து, "இந்த உடுப்போடு ஏற்ற முடியாது, இது கோயில் இல்லை" என்று பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். பெட்டியில் நீளக் காற்சட்டை இருக்கிறது, மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றேன். நேரமில்லை என்றுவிட்டார். மனைவி சேலையில் வந்தா. அவவின் காலிலும் அதே ரப்பர் செருப்புத்தான், ஆனால் அவ போகலாமாம். எங்களுக்கு முன்னால் கட்டைக் காற்சட்டையோடு ஒரு வெளிநாட்டவர் சிரித்துக்கொண்டே போனார். மறுநாள் கடன்பட்டு, முழுக்காசு கொடுத்து, அதே நிறுவனத்தில் டிக்கெட் எடுத்து, அதே வேட்டியோடு போனோம். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. போய்த் திரும்பியும் வந்துவிட்டோம். இப்போது மகளின் டிக்கெட் சலுகையை ஆறு மாதத்துக்கு நிறுத்தியிருக்கிறார்களாம். சம்பவம் நடந்து 19 நாள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குப் போடலாமா? காசு திரும்பக் கிடைக்குமா? தமிழ்நாட்டில் வேட்டிக்குச் சட்டமே இருக்கிறது என்கிறார்களே?

பதில்: ஐயா, முதல் நாள் நீங்கள் கொண்டுபோன டிக்கெட்டும் மறுநாள் கொண்டுபோன டிக்கெட்டும் சட்டத்தின் கண்ணில் இரண்டு வேறு பொருட்கள். உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் அங்கிருந்துதான் வரும்.

ஸ்டாஃப் டிக்கெட் என்பது ஊழியருக்கு வேலையோடு வரும் சலுகை. 'ஐடி 90' என்று சொல்வார்களே, அதில் முழுக்கட்டணத்தில் 90 வீதம் கழிவு. பெரும்பாலும் 'சப்லோட்', அதாவது ஆசனம் மிஞ்சினால்தான் பயணம். உங்கள் மகள் உங்கள் இருவரின் பெயரையும் பதிந்த நேரத்தில் நிபந்தனைகளுக்கும் உடன்பட்டிருப்பா. நேர்த்தியாக உடுக்க வேண்டும், கவுண்டரில் வாக்குவாதப்படக் கூடாது, பிழை நடந்தால் ஊழியரே பொறுப்பு என்ற மாதிரியான நிபந்தனைகள். அந்த டிக்கெட்டில் போகிறவரை நிறுவனம் தன் வீட்டு ஆளாகவே பார்க்கிறது. முன்பு பல நிறுவனங்கள் இதற்குக் கோட்டும் டையும் கேட்டன. இப்போது தளர்ந்திருக்கிறது, ஆனால் ரப்பர் செருப்பும் கட்டைக் காற்சட்டையும் பல இடங்களில் இன்னும் விலக்குத்தான். என் அக்காவின் மகன் இந்தத் துறையில் இருக்கிறான். ஒருமுறை அவன் எடுத்துத் தந்த டிக்கெட்டில் போனபோது, நான் என்ன உடுத்தப் போகிறேன் என்று மூன்று தரம் போன் எடுத்துக் கேட்டான். மூன்றாம் தரம் எனக்குக் கோபம் வந்தது. உங்கள் கடிதத்தை வாசித்த பிறகு அவனுடைய பயம் விளங்குகிறது.

இதே பிரச்சினை உலகம் முழுக்கப் பேசப்பட்டது 2017 மார்ச்சில். அமெரிக்காவில் டென்வரிலிருந்து மினியாபொலிஸுக்குப் போகவிருந்த இரண்டு பதின்வயதுப் பெண்களை, லெகிங்ஸ் அணிந்திருந்தார்கள் என்று யுனைட்டட் எயார்லைன்ஸ் ஏற்றவில்லை. பெரிய கண்டனம் எழுந்தது. நிறுவனம் பின்வாங்கவில்லை. அவர்கள் ஊழியர் சலுகையில் வந்தவர்கள், காசு கொடுத்த பயணிகள் லெகிங்ஸோடு தாராளமாக வரலாம் என்று விளக்கம் சொன்னது. ஆகவே உங்களுக்கு முன்னால் கட்டைக் காற்சட்டையோடு போனவரை ஒப்பீட்டுக்கு இழுக்காதீர்கள். அவர் முழுக்காசு கொடுத்தவராக இருந்தால், எதிர்த்தரப்பு ஒரே வரியில் அந்த வாதத்தை முடித்துவிடும்.

உங்களுக்கு உதவுகிற ஒப்பீடு உங்கள் பக்கத்திலேயே நின்றது. மனைவியும் அதே வகை டிக்கெட், அதே மாதிரிச் செருப்பு, ஆனால் அவவைப் போகச் சொன்னார்கள். செருப்புத்தான் காரணமென்றால் இருவரையும் மறித்திருக்க வேண்டும். அவவை விட்டு உங்களை மறித்தார்கள் என்றால், மறித்தது வேட்டியை. இதைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். சேலையும் வேட்டியும் ஒரே பண்பாட்டின் இரண்டு உடைகள். ஒன்று நேர்த்தியானது, மற்றது நேர்த்தியற்றது என்று யார் தீர்மானித்தது, எந்த விதியில் அது எழுதியிருக்கிறது? மகளிடம் சொல்லி அந்த உடை விதியின் முழு வாசகத்தையும் எடுங்கள். தேசிய உடை, பாரம்பரிய உடை என்று ஏதாவது அனுமதி அதில் இருந்தால் மேலதிகாரி தன் நிறுவனத்தின் விதியையே மீறியிருக்கிறார். அனுமதி இல்லாமல், செருப்புக்கு மட்டும் தடை இருந்தால், மனைவியின் விடயத்தில் அவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள் என்பதுதான் மிஞ்சும். அது உங்களுக்குப் பெரிய பலமாக இராது. சந்தேகத்தின் பலனை அவவுக்குக் கொடுத்தோம் என்று சொல்லித் தப்பிவிடுவார்கள்.

அடிப்படை உரிமைக்கு வருவோம். அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறப்பிடம் காரணமாகப் பிரஜைக்குப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. 12(3) கடை, பொது உணவகம், ஹோட்டல், பொதுக் களியாட்ட இடங்கள், தன் மதத்தின் பொது வழிபாட்டிடங்கள் ஆகியவற்றுக்குள் போவதைப் பற்றியது. இரண்டிலும் 'உடை' என்ற சொல் இல்லை. அதைவிடப் பெரிய தடை இன்னொன்று. 17, 126 உறுப்புரைகளின்படி நீங்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போகக்கூடியது ஆட்சித்துறை அல்லது நிருவாகச் செயலுக்கு, அதாவது அரச தரப்பின் செயலுக்கு, எதிராகத்தான். 2018இல் எங்கள் ஊரில் முஸ்லிம் ஆசிரியைகளின் அபாயா உடைப் பிரச்சினை எழுந்தபோது அது மனித உரிமைகள் ஆணைக்குழு வரை போனது. அங்கே எதிரே இருந்தது அரச பாடசாலை. உங்களுக்கு எதிரே இருப்பது வெளிநாட்டுத் தனியார் நிறுவனம். அந்த மேலதிகாரி யாருடைய ஊழியர் என்பதை மட்டும் ஒருதரம் பாருங்கள். கவுண்டர் வேலையை விமான நிறுவனங்கள் வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைப்பது வழக்கம். அவர் அரச உடைமையான நிறுவனத்தின் ஆளாக இருந்தால் வாதாட ஒரு சிறு வழி உண்டு. அப்போதும், நாங்கள் விமான நிறுவனத்தின் அறிவுறுத்தலைத்தான் செய்தோம் என்ற பதில் வரும்.

அந்த வழி இருக்கிறதென்று தெரிந்தால் காலம் மிகக் குறைவு. மனு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு கொடுத்தால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் வராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது. ஆனால் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தால் போதாது. உண்மையில் விசாரணை நடந்ததா என்று நீதிமன்றம் பார்க்கும்.

தமிழ்நாட்டுச் சட்டம் உண்மைதான். 2014இல் சென்னையில் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே வேட்டி கட்டியதற்காகக் கிரிக்கெட் சங்கக் கிளப் ஒன்றுக்குள் விடவில்லை. அடுத்த மாதமே சட்டசபை பொது இடங்களில் வேட்டிக்குத் தடை போட முடியாதபடி சட்டம் செய்தது. அது கடல் தாண்டி இங்கே வராது. இலங்கையில் அப்படியொரு சட்டம் வேண்டுமென்று நான் மனதார விரும்புகிறேன். எங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏறுகிற எத்தனையோ பெரியவர்கள் கரைவேட்டியோடுதான் வருகிறார்கள். என் அப்பாவும் ஒரு காணி வழக்கில் அப்படித்தான் நின்றார். நீதிமன்றத்துக்கு மரியாதையான உடை கவுண்டருக்கு மரியாதைக் குறைவானது என்றால் எனக்கும் மனம் ஆறாது.

அதனால்தான் "இது கோயில் இல்லை" என்ற பேச்சை நான் பெரிதாக எடுக்கிறேன். விதியைச் சொல்லி மறுப்பது அவர்களுடைய உரிமையாக இருக்கலாம். நாலு பேர் முன்னால் ஒருவருடைய நெற்றியையும் வேட்டியையும் இழிவாகப் பேசுவது எந்த டிக்கெட் நிபந்தனையிலும் அடங்காது. எங்கள் பொதுச் சட்டமான ரோம டச்சுச் சட்டம் மனிதனின் கண்ணியத்துக்கு ஏற்படும் காயத்துக்கு இழப்பீடு கேட்க இடம் தருகிறது. அவமதிக்கும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி இரண்டு வருடம் இருக்கிறது. சம்பவம் நடந்த இடம் கட்டுநாயக்க என்பதால் வழக்கைத் திருகோணமலையில் போட முடியாது. ஒவ்வொரு தவணைக்கும் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் தாண்டிப் போய்வரும் செலவையும் உடம்பையும் எண்ணிப் பாருங்கள்.

மறுநாள் டிக்கெட்டின் காசு திரும்பாது என்றே நினைக்கிறேன். வாங்கிய சேவையை நீங்கள் முழுதாகப் பெற்றுவிட்டீர்கள். பயன்படுத்தாத ஸ்டாஃப் டிக்கெட்டின் காசை மகள் மூலம் கேட்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வழி உண்டு. சலுகையாக இருந்தாலும் காசு கொடுத்த சேவைதானே என்று நான் வாதாடுவேன், ஆனால் வெற்றி உறுதி என்று சொல்லமாட்டேன். (பொதுவாக ஒன்று: ஸ்டாஃப் டிக்கெட்டில் போனால் பெட்டி உடைந்தாலும் கேட்க முடியாது என்று பலர் நம்புகிறார்கள். அது பிழை. 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை, விமான நிறுவனம் இலவசமாக ஏற்றிச் செல்லும் பயணத்துக்கும் பொருந்தும். பெட்டி கிடைத்து ஏழு நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும்.)

எனக்குக் கவலை தருவது மகளின் விடயம். அவவின் வேலை ஒப்பந்தம் அந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது. இங்கே உள்ள தொழில் நியாய மன்று அதில் தலையிடாது. நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு சட்டக் கடிதமும் அவவின் வேலைக் கோப்புக்குள் போய்ச் சேரும். அவமானப்பட்டவர் நீங்கள், விலை கொடுக்கப்போவது அவ. ஆகவே அவவைக் கேட்காமல் ஒரு வரிகூட அனுப்ப வேண்டாம்.

அவ சம்மதித்தால் முதலில் அவவே நிறுவனத்தின் உள்முறைப்படி மேன்முறையீடு செய்யட்டும். மூன்று விடயங்களை மட்டும் அமைதியாக எழுதினால் போதும்: தகப்பன் வாக்குவாதப்படவில்லை, உடை மாற்றத் தயாராக இருந்தார், அதே செருப்போடு வந்த தாயை அனுமதித்தார்கள். 2017 சம்பவத்திலும் வேறொரு சிறுமி லெகிங்ஸுக்கு மேல் கவுனொன்றைப் போட்டுக்கொண்டு பயணம் செய்ததாக அப்போது செய்தி வந்தது. மாற்றிக்கொள்ள ஐந்து நிமிடம் கூடத் தராதது உங்கள் தரப்பின் நல்ல புள்ளி. மேன்முறையீடு முடியும் வரை வக்கீல் நோட்டீஸை நான் அனுப்பமாட்டேன்.

ஒன்று மட்டும் மகளின் வேலையைத் தொடாமல் இன்றைக்கே செய்யக்கூடியது. கவுண்டர்ப் பகுதிக் கமராப் பதிவைப் பாதுகாக்கும்படி விமான நிலையத்தை நடத்தும் அரச நிறுவனத்துக்கு, திகதியும் நேரமும் கவுண்டர் இலக்கமும் குறித்துப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். பதிவின் பிரதியை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேளுங்கள். இந்தப் பதிவுகள் நெடுநாள் நிற்பதில்லை, ஏற்கெனவே 19 நாள் போய்விட்டது. வான் வண்டியால் இறங்கியபோது யாராவது படம் எடுத்திருந்தால் போனிலிருந்து அழிக்காமல் வைத்திருங்கள். உங்கள் இருவரின் காலும் தெரிகிற படமாக இருந்தால் இன்னும் நல்லது. அந்தச் செருப்புகளையும் எறிய வேண்டாம்.