காலை வாந்தி, சாய்ந்த தலை, தடுமாறும் நடை: ஸ்கேனை எப்போது எடுப்பது?

கேள்வி: தேவகோட்டையில் இருக்கிறோம். என் மகனுக்கு 7 வயது. ஒரு மாதமாகக் காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி. வாந்தி எடுத்துவிட்டால் தெளிந்துவிடுகிறான், பத்து மணிக்கெல்லாம் விளையாடப் போய்விடுகிறான். காய்ச்சல், பேதி எதுவும் இல்லை. அப்பத்தா பித்தம் என்றார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பயந்து செய்கிறான் என்றும் சொன்னார்கள். கண்ணாடிக் கடையில் காட்டி பவர் கண்ணாடி வாங்கிப் போட்டோம். பத்து நாளாகத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருக்கிறான். சுளுக்கு என்று வழித்துவிட்டோம். இப்போது நடை லேசாகத் தடுமாறுகிறது. ஒரு டாக்டர் தலை ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். கதிர்வீச்சு என்பதால் பயமாக இருக்கிறது. அடுத்த மாதம் வீட்டில் முன்னோருக்குப் படைப்பு, அது முடிந்ததும் மதுரைக்குப் போகலாம் என்கிறார்கள். மூளைக் கட்டியாக இருக்குமா? கைபேசி பார்த்துத்தான் இப்படி வந்ததா? 3 வயதுத் தங்கைக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

பதில்: படைப்பு வரை காத்திருக்காதீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் நாளை காலையே கிளம்புங்கள்.

காலையில் வாந்தி எடுக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு மூளையில் ஒன்றும் இருக்காது. வயிற்றுக் கோளாறு, மைக்ரேன், சளியை விழுங்குவது என்று எத்தனையோ காரணங்கள் உண்டு. ஆனால் உங்கள் மகனுக்கு மூன்று விஷயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்திருக்கின்றன: காலை வாந்தி, தலைச் சாய்வு, நடைத் தடுமாற்றம். இந்த வரிசையைப் பார்த்தால் பின்மண்டையில், நடையைச் சீராக வைக்கும் சிறுமூளைப் பகுதியில் ஏதோ அழுத்துகிறதோ என்றுதான் எந்தக் குழந்தை நரம்பியல் மருத்துவரும் முதலில் யோசிப்பார். கட்டியா இல்லையா என்பதைக் கடிதத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, ஸ்கேன்தான் சொல்லும்.

வாந்தி ஏன் காலையில் வருகிறது? மூளைக்குள் சுரக்கும் நீர் வடிந்து போகும் வழி சிறுமூளைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே அடைப்பு வந்தால் மண்டைக்குள் அழுத்தம் ஏறும். இரவு முழுக்கப் படுத்திருப்பதாலும், தூக்கத்தில் மூச்சு மந்தமாகி மூளையின் ரத்தக் குழாய்கள் கொஞ்சம் விரிவதாலும் விடியற்காலையில் அழுத்தம் உச்சத்துக்குப் போகும். எழுந்து உட்கார்ந்து, வாந்தி எடுத்து, மூச்சு வாங்கியதும் குறையும். பத்து மணிக்கு விளையாடுகிறானே, நடிக்கிறான் என்று தோன்றுவது இதனால்தான். ஒன்று கவனியுங்கள்: ஞாயிற்றுக்கிழமையும் வாந்தி வருகிறதா? வந்தால் பள்ளிக்கூடப் பயம் என்ற பேச்சை அதோடு விட்டுவிடலாம்.

தலைச் சாய்வும் பெரும்பாலும் சுளுக்காக இருக்காது. கண்ணை அசைக்கும் நரம்பு அழுந்தினால் பொருட்கள் இரண்டாகத் தெரியும். அதைச் சொல்லத் தெரியாத குழந்தை, தலையைச் சாய்த்துச் சரிசெய்துகொள்ளும். சிறுமூளையின் அடிப்பகுதி கீழ்நோக்கி இறங்கிக் கழுத்து விறைப்பதும் உண்டு. அதனால், தயவுசெய்து இனி யாரும் அவன் கழுத்தைத் தொட்டு வழிக்கவோ திருப்பவோ விடாதீர்கள். மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கும் பிள்ளைக்கு அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

நடையை நீங்களே பார்க்கலாம். உங்கள் வீட்டு வளவில் ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால், இரண்டு கல் சேரும் நேர்கோட்டின் மேல், ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல் நுனியில் ஒட்டி ஒட்டி வைத்துப் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். 7 வயதுப் பிள்ளை இதை விளையாட்டாகவே செய்துவிடுவான். கோட்டை விட்டு ஒரே பக்கமாகச் சாய்கிறானா, காலை அகட்டி வைக்கிறானா, தூணைத் தேடிப் பிடிக்கிறானா என்று பார்த்து, கைபேசியில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். விழாமல் இருக்கப் பக்கத்திலேயே ஒருவர் நிற்க வேண்டும். அந்த அரை நிமிட வீடியோ, மருத்துவரிடம் நீங்கள் வாயால் சொல்வதைவிட அதிகம் சொல்லும். ஆனால் ஒழுங்காக நடந்துவிட்டான் என்று ஸ்கேனைத் தள்ளிப் போட வேண்டாம்.

கண்ணாடிக் கடையில் பார்த்தது பவர் மட்டும்தான். கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டு, கண்ணின் உள்ளே பார்வை நரம்பு வீங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செலவு குறைந்த, சீக்கிரம் முடிகிற பரிசோதனை. வீக்கம் தெரிந்தால் அன்றே ஸ்கேன். வீக்கம் இல்லாவிட்டாலும் உங்கள் மகனுக்கு ஸ்கேன் தேவை, ஏனென்றால் நடை மாறிவிட்டது.

கதிர்வீச்சு பயத்துக்கு வருகிறேன். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் கதிர்வீச்சே கிடையாது, காந்தம்தான். சி.டி. ஸ்கேனில்தான் கொஞ்சம் உண்டு. உங்கள் மகனுக்குப் பொருத்தமானது எம்.ஆர்.ஐ., அதுவும் படம் தெளிவாகத் தெரிய ரத்தக் குழாயில் மருந்து செலுத்தி எடுப்பது. அரை மணி, முக்கால் மணி நேரம் அசையாமல் சத்தத்துக்குள் படுத்திருக்க வேண்டும் என்பதால் மயக்க மருந்து தேவைப்படலாம். எத்தனை மணியிலிருந்து வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். எம்.ஆர்.ஐ.க்கு நாள் தள்ளிப்போனாலோ பையன் சோர்ந்திருந்தாலோ, முதலில் சி.டி. எடுப்பதே சரி. அந்தக் கதிர்வீச்சை எண்ணி மறுக்காதீர்கள். ஆனால் பின்மண்டையில் எலும்பின் நிழல் விழுவதால் சிறிய கட்டி சி.டி.யில் தெரியாமல் போகலாம். சி.டி. நார்மல் என்று வந்தாலும் எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆக வேண்டும்.

எங்கே போவது? மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறை இருக்கிறது. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் காட்டிவிட்டும் போகலாம். ஆனால் இன்றிரவே அவனை எழுப்ப முடியாத தூக்கம், நிற்காத வாந்தி, வலிப்பு, பார்வை மங்குதல் இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் விடியும்வரை பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பிள்ளையார்பட்டியில் வேண்டிக்கொள்ளுங்கள், மனசுக்குத் தெம்பு வேண்டும். போகிற வழியில் கும்பிட்டுவிட்டுப் போனால் போதும்.

ஸ்கேனில் ஏதாவது தெரிந்தாலும் அது புற்றுநோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நம் நாட்டில் காசநோய்க் கட்டியும் நாடாப்புழு முட்டையால் வரும் நீர்க்கட்டியும் மூளையில் வருகின்றன. அவற்றைப் பெரும்பாலும் மாத்திரையிலேயே சரிசெய்யலாம். மூளைக் கட்டியாகவே இருந்தாலும் எல்லாம் ஒன்றல்ல. குழந்தைகளின் சிறுமூளையில் வரும் பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா என்ற மெதுவாக வளரும் கட்டியை அறுவையில் முழுசாக எடுத்துவிட்டால், பெரும்பாலான பிள்ளைகளுக்கு வேறு சிகிச்சையே வேண்டியிருக்காது. மெடுல்லோபிளாஸ்டோமா வேகமாக வளரும் புற்றுநோய். அதற்கு அறுவை, கதிர்வீச்சு, கீமோ மூன்றும் வேண்டும். அதிலும் பரவாத நிலையில், நல்ல மையங்களில் சிகிச்சையை முடித்தவர்களில் ஏறக்குறைய 80 சதவீதத்தினர் 5 ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள்.

அதில் 'முடித்தவர்கள்' என்பது முக்கியம். கட்டியைச் சுற்றியுள்ள வீக்கம் வற்ற டெக்ஸாமெத்தசோன் என்ற மருந்து கொடுப்பார்கள். இரண்டே நாளில் வாந்தி நின்று பையன் இட்லி கேட்டுச் சாப்பிடுவான். குணமாகிவிட்டது என்று அறுவைக்கு முன்பே ஊருக்குக் கூட்டி வந்துவிடும் குடும்பங்கள் உண்டு. கட்டி அப்படியே இருக்கும். வீக்கம் மட்டும்தான் குறைந்திருக்கும். அந்த மருந்தை நீங்களாக நிறுத்தவும் கூடாது, மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அதேபோல, மெடுல்லோபிளாஸ்டோமாவுக்கு அறுவை முடிந்த பிறகு சில பிள்ளைகள் ஒன்றிரண்டு நாளில் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அறுவையில் ஏதோ தவறு நடந்துவிட்டது என்று வீட்டில் கலங்குவார்கள். இது தெரிந்த ஒரு பின்விளைவு. வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் பேச்சு திரும்பும், முழுசாகத் திரும்பக் கொஞ்சம் காலம் ஆகலாம். அறுவைக்கு முன்பே இதைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

கதிர்வீச்சு சிகிச்சை தேவைப்பட்டால் வாரம் ஐந்து நாள், சுமார் ஆறு வாரம். தங்க இடம் பார்க்க வேண்டும், அப்பாவுக்கு வேலை கெடும். பல குடும்பங்கள் இந்த இடத்தில்தான் பாதியில் விட்டுவிடுகின்றன. அடையாறு புற்றுநோய் நிறுவனம் போன்ற இடங்களுக்குப் போகும்போது சமூகப் பணியாளரை முதல் நாளிலேயே பார்த்துத் தங்குமிடம் கேளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கைபேசியால் வந்ததா என்றால், அப்படி நிரூபணம் இல்லை. நீங்கள் சமைத்துக் கொடுத்ததாலோ, கர்ப்ப காலத்தில் எதையோ செய்ததாலோ வந்ததும் இல்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு மூளைக் கட்டி ஏன் வருகிறது என்பதற்குக் காரணம் கண்டுபிடிக்க முடிவதில்லை.

பெரும்பாலும் இது பரம்பரையாக வருவதும் இல்லை, அதனால் தங்கைக்கு ஸ்கேன் வேண்டாம். அவள் உடம்பில் 5 மில்லிமீட்டருக்கு மேல் பெரிய, பால் கலந்த காபி நிறத் திட்டுகள் ஆறோ அதற்கு மேலோ இருக்கின்றனவா என்று மட்டும் குளிப்பாட்டும்போது பாருங்கள், அண்ணனுக்கும் பாருங்கள். இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். நரம்புக் கட்டிகள் வரும் ஒரு பரம்பரைக் கோளாறின் அடையாளம் அது. இல்லையென்றால், நீங்கள் மதுரையில் இருக்கும் நாட்களில் அவளை யாரிடம் விட்டுச் செல்வது என்பதை மட்டும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.