கேளுங்கள், சொல்கிறோம்: கிருபையை மனிதன் மறுக்க முடியுமா?

கேள்வி: எங்கள் சபைக் கன்வென்ஷனில் ஒரு போதகர், "தேவன் அழைத்தால் யாராலும் மறுக்க முடியாது" என்றார். அடுத்த ஞாயிறு எங்கள் ஐயர், "நீங்களும் பரிசுத்த ஆவிக்கு எப்பொழுதும் எதிர்த்துநிற்கிறீர்கள்" (அப். 7:51) என்ற ஸ்தேவானின் வார்த்தையை வைத்துப் பிரசங்கித்தார். இருவரும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). எது சரி?
- வாசகர், நாசரேத்

பதில்: சி.எஸ்.ஐ.யில் இது நடக்காவிட்டால்தான் ஆச்சரியம். 1947இல் அந்தச் சபை உருவானபோது ஆங்கிலிக்கன்களோடு, 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வின் வழிவந்த பிரஸ்பிட்டேரியன்களும் 18ஆம் நூற்றாண்டுப் பிரசங்கியார் வெஸ்லி வழிவந்த மெதடிஸ்டுகளும் சேர்ந்தார்கள். கிருபையை, அதாவது தேவன் இலவசமாகத் தரும் தயவை, மனிதன் மறுத்துத் தோற்கடிக்க முடியாது என்பது கால்வின் பக்கம், மறுக்க முடியும் என்பது வெஸ்லி பக்கம். நீங்கள் கேட்டது அவர்களுடைய பழைய வழக்கு.

வழக்கு நெதர்லாந்தில் தொடங்கியது. கால்வினியரின் போதனையைக் கேள்வி கேட்ட இறையியலாளர் ஆர்மீனியஸ் 1609இல் இறந்தார். மறு ஆண்டு அவர் தரப்பினர் ஐந்து கூற்றுகளை எழுதிக்கொடுத்தார்கள். கிருபை இல்லாமல் மனிதன் நன்மையை நினைக்கக்கூட முடியாது, ஆனாலும் அதை அவன் எதிர்க்க முடியும் என்பது நான்காவது கூற்று. ஆதாரம், உங்கள் ஐயர் எடுத்த அதே வசனம். 1618-19இல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய கால்வினியரின் திருச்சபைச் சங்கம் இதை நிராகரித்தது.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். மனிதர் எதிர்க்கிறார்கள் என்பதை டார்ட் சங்கம் மறுக்கவே இல்லை. பிரசங்கத்தால் வரும் வெளி அழைப்பைப் பலர் தள்ளுகிறார்கள், அது அவர்கள் குற்றமே என்கிறது. மறுபிறப்பைத் தரும் உள்ளான கிரியைதான் தோற்காது, பவுலின் பிரசங்கத்தைக் கேட்ட லீதியாளின் "இருதயத்தைத் திறந்தருளினார்" (அப். 16:14) என்பதுபோல. அப்போதும் தேவன் மனிதரைக் கட்டையாகவோ கல்லாகவோ நடத்துவதில்லை, சித்தத்தை அழிக்காமல் உயிர்ப்பிக்கிறார் என்று அந்தச் சங்கமே எழுதிவைத்திருக்கிறது. ஆகவே, விருப்பமில்லாதவனைக் கழுத்தைப் பிடித்து உள்ளே தள்ளுவதாகச் சித்தரிப்பது கால்வினியருக்கு நியாயமல்ல. அதேபோல, மனிதன் சொந்த முயற்சியால் முதல் அடி வைக்கிறான் என்று வெஸ்லி போதித்ததாகச் சொல்வதும் தவறு. முன்செல்லும் கிருபை எல்லாரையும் தொட்டு, பதில் சொல்லும் திராணியைத் தருகிறது. அதன்பின் ஒருவன் மறுக்கலாம் என்பதே அவர் போதனை.

எது சரி? "பிதா ஒருவனை இழுத்துக்கொள்ளாவிட்டால்" (யோவான் 6:44) என்பது ஒரு பக்கம். எருசலேமைப் பார்த்து "உங்களுக்கோ மனதில்லாமற்போயிற்று" (மத். 23:37) என்பது மறுபக்கம். 1577இல் லுத்தரன்கள் ஒப்புக்கொண்ட அறிக்கை இரண்டையும் அப்படியே விட்டது: இரட்சிக்கப்பட்டால் முழுப் புகழும் தேவனுக்கு, கெட்டுப்போனால் பழி மனிதனுக்கு. கணக்கு நேராகாதுதான். எனக்கு அதுவே வேதத்துக்கு நெருக்கமாகப் படுகிறது.

கேள்வி: கத்தோலிக்கர் என்ன சொல்கிறார்கள்?
- வாசகி, வேளாங்கண்ணி

பதில்: மறுக்கலாம் என்கிறார்கள். கடவுளால் தூண்டப்பட்ட மனம் விரும்பினால் இணங்காதிருக்கலாம் என்று திரெந்து பொதுச்சங்கம் 1547இல் அறுதியிட்டது. அருள் (கிருபைக்கு அவர்கள் சொல்) எப்படித் தவறாமல் பலன் தருகிறது என்பதில் தொமினிக்கன் சபையினரும் இயேசு சபையினரும் மோதினார்கள். திருத்தந்தை ஐந்தாம் பவுல் 1607இல் யாருக்கும் தீர்ப்பு எழுதாமல், ஒருவரையொருவர் கண்டனம் செய்யக்கூடாது என்று முடித்துவைத்தார். நம் சபைச் சண்டைகளுக்கும் இது உதவும்.

கேள்வி: என் தம்பி பல வருடமாக ஆலயத்துக்கு வருவதில்லை. மன்னிக்கப்படாத பாவம் செய்துவிட்டானோ?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பாளையங்கோட்டை

பதில்: மத்தேயு 12ஐ முழுவதும் வாசியுங்கள். பிசாசு துரத்தப்படுவதைக் கண்ணால் கண்டும் அது பிசாசுகளின் தலைவனாகிய பெயெல்செபூலின் வேலை என்றவர்களுக்கு, ஆவியானவருக்கு விரோதமான தூஷணம் மன்னிக்கப்படாது என்று வந்த எச்சரிப்பு அது. ஆலயத்துக்கு வராதவர்களைப் பற்றியதல்ல. கிருபையை மறுக்க முடியும் என்று போதிக்கும் சபைகளும், இன்று மறுத்தவன் நாளைக்கும் மறுத்தே தீருவான் என்று போதிப்பதில்லை. தம்பியிடம் இந்தப் பாவத்தின் பெயரைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். ஜெபியுங்கள், பண்டிகைக்கு வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.