வாசகர் கேள்வி – பதில்: முதல் பைக், அதுவும் பழைய பைக்

கேள்வி: முதன்முறையாக பைக் வாங்க இருக்கிறேன், அதையும் பழையதாகவே வாங்க எண்ணம். ஓடோமீட்டரில் குறைந்த கிலோமீட்டர் காட்டும் வண்டியைத் தேர்ந்தெடுத்தால் போதுமா?

பதில்: போதாது. ஓடோமீட்டர் எண்ணை மாற்றிவிட முடியும். ஆனால் கால்மிதி ரப்பர், பிரேக் மிதி, கைப்பிடி உறை ஆகியவற்றின் தேய்மானத்தை மறைக்க யாரும் அவ்வளவாக மெனக்கெடுவதில்லை. பத்தாயிரம் கிலோமீட்டர் காட்டும் வண்டியில் கால்மிதி ரப்பரின் வரிகள் அழிந்து வழுவழுப்பாகியிருந்தால், நான் ரப்பரைத்தான் நம்புவேன்.

நீங்கள் போய்ச் சேரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் ஆவதில் தொல்லை இருந்தால், அது எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் பெரும்பாலும் வெளிப்படும். எனவே எஞ்சினருகே கையைக் கொண்டுபோகும்போது சூடு தெரிந்தால், ஏன் என்று கேட்டுவிடுங்கள். ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரில் சிறிது நேரம் வெண்ணிற ஆவி வந்து மறைந்தால் அது வெறும் ஈரம். நீலப் புகை தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்து ஆயில் எரிகிறது என்று பொருள். அந்தச் செலவை ஏற்கும் எண்ணமில்லையென்றால் விலை பேசாமலே திரும்பிவிடலாம். பளபளவென்று அப்போதுதான் கழுவி வைத்த எஞ்சினைக் கண்டால் எனக்குச் சற்று ஐயம்தான் வரும், ஏனெனில் ஆயில் கசிவு பல நாள் படிந்த தூசியில்தான் தடம் விட்டிருக்கும்.

அடுத்து, முன்சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கி வைத்து ஹேண்டில்பாரை இருபுறமும் மெதுவாகத் திருப்புங்கள். நேர்நிலையில் வரும்போது ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் தட்டினால் கோன்செட், அதாவது ஹேண்டில்பார் திரும்புவதற்கான பேரிங், தேய்ந்திருக்கிறது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் படியுங்கள்: 2319 என்றிருந்தால், அந்த டயர் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆவணங்களில் உள்ளவற்றோடு பொருந்தவில்லையென்றால், வண்டி எவ்வளவு நன்றாக ஓடினாலும் வேண்டாம்.

கேள்வி: காருக்கு வாங்கிய எஞ்சின் ஆயில் மிச்சமிருக்கிறது. அதை பைக்கில் ஊற்றலாமா?

பதில்: ஊற்ற வேண்டாம். பெரும்பாலான கியர் பைக்குகளில் எஞ்சின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். கிளட்ச் தட்டுகள் அந்த ஆயிலில் நனைந்தபடியே ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வேண்டும். எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகப் பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் பொருள்களைச் சேர்க்கிறார்கள். அவற்றால் கிளட்ச் வழுக்கத் தொடங்கினால், ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது எஞ்சின் இரையுமே தவிர, அதற்கேற்ப வேகம் ஏறாது. இதற்காகவே ஜப்பானில் 1998இல் ஜாசோ எம்ஏ (JASO MA) என்ற தரம் வகுக்கப்பட்டது. டப்பாவில் எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள்; ஆயிலின் பாகுத்தன்மை மட்டும் வண்டியின் கையேட்டில் சொன்னபடியே இருக்க வேண்டும். ஆயில் அளவைச் சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும்போது பார்க்காதீர்கள். சமதளத்தில் வண்டியை நிமிர்த்தி வைத்து, எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்தி, ஆயில் கீழிறங்க நேரம் கொடுத்த பிறகு பார்ப்பதே பொதுவான முறை.

கேள்வி: செயினை அடிக்கடி இறுக்குகிறேன், ஆனாலும் ஓரிடத்தில் தளர்ந்தும் ஓரிடத்தில் விறைத்தும் நிற்கிறதே?

பதில்: செயின் எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தேய்வதில்லை. எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, பின்சக்கரத்தைக் கையால் சுழற்றி, மிக விறைப்பாக உள்ள இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே கையேட்டில் உள்ள தளர்வு (செயின் நடுவில் மேலும் கீழும் அசையும் அளவு) கிடைக்குமாறு சரிசெய்யுங்கள். பல வண்டிகளுக்கு அது 20 முதல் 30 மில்லிமீட்டர். நீங்கள் ஏறி அமர்ந்ததும் செயின் மேலும் இறுகும் என்பதால், அளவுக்கு மீறி இறுக்கினால் கியர்பாக்ஸ் பேரிங்குக்கே கேடு. விறைப்புக்கும் தளர்வுக்கும் உள்ள வேறுபாடு மிக அதிகமாகிவிட்டால், அல்லது செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் கொக்கிபோல் ஒருபுறம் வளைந்திருந்தால், இனி இறுக்கிப் பயனில்லை. செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளையும் ஒருசேர மாற்றுங்கள். பழைய பற்களில் புதுச் செயினைப் பூட்டினால் அதுவும் விரைவிலேயே தேய்ந்துவிடும்.