அயர்லாந்தில் டப்ளின் தவிர, ஆற்றங்கரையில் இருக்கும் பழைய துறைமுக ஊர் ஒன்றைப் பார்க்க வேண்டும். எங்கே போகலாம்?

நியூ ராஸ் போங்கள். இந்தக் கேள்விக்குப் பெரும்பாலோர் கோவ் என்றுதான் சொல்வார்கள். டைட்டானிக் கடைசியாக நின்ற ஊர், அழகான ஊர், மறுக்கவில்லை. ஆனால் அது கடல் துறைமுகம். நீங்கள் கேட்பது ஆற்றங்கரை ஊர்.

நியூ ராஸ், வெக்ஸ்ஃபோர்டு மாவட்டத்தில் பாரோ ஆற்றின் கரையில் இருக்கிறது. கடல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளி. ஆனாலும் கடலின் ஏற்ற இறக்கம் ஊரைத் தாண்டி மேலேயும் போகிறது. அதனால்தான் கப்பல்கள் ஊர்க்கரை வரை வர முடிந்தது. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம் மார்ஷல் என்ற நார்மன் பிரபு இதைத் துறைமுக நகரமாக வளர்த்தார். பக்கத்து வாட்டர்ஃபோர்டுக்கு அரசரின் சலுகை இருந்தும், கம்பளி ஏற்றுமதியில் இந்த ஊர் அதோடு மல்லுக்கட்டியது.

கரையில் முதலில் கண்ணில் படுவது டன்பிராடி என்ற, மூன்று பாய்மரங்கள் கொண்ட கப்பல். 1845-இல் கியூபெக்கில் கட்டிய கப்பலின் மறு உருவாக்கம் இது. மூலக் கப்பல் இவ்வூர் வணிகக் குடும்பம் ஒன்றுக்குச் சொந்தம். கனடாவிலிருந்து மரம் ஏற்றி வரும், திரும்பும்போது காலியாகப் போகாமல் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்து, அதைவிட அதிகமானோர் நாட்டை விட்டுக் கிளம்பிய காலம் அது. சுற்றிப் பார்க்க வருபவர் கையில் அந்தக் காலப் பயணச்சீட்டு மாதிரி ஒன்றைக் கொடுத்துக் கீழ்த்தளத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே ஒரு குடும்பமே படுத்துக்கொண்ட மரப்பலகையைப் பார்த்தால் போதும், விளக்கம் எதுவும் தேவைப்படாது. பழைய உடை போட்டு நடிப்பவர்கள் வேறு வருவார்கள். எனக்குக் கொஞ்சம் மிகையாகப் பட்டது, குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் கொள்ளுத்தாத்தா பேட்ரிக் கென்னடியும் இந்த ஊருக்குப் பக்கத்து டங்கன்ஸ்டவுன்காரர்தான். 1840-களின் இறுதியில் பாஸ்டன் போய்ப் பீப்பாய் செய்யும் வேலை பார்த்தார். அவர் போனது டன்பிராடியில் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. 1963 ஜூனில் அதிபர் இங்கே வந்து இந்தக் கரையில் பேசினார். கொள்ளுத்தாத்தா மட்டும் கிளம்பாமல் இருந்திருந்தால், தானும் இங்கே இருந்த உரத் தொழிற்சாலையில்தான் வேலை பார்த்துக்கொண்டிருப்பேன் என்று சொல்லிச் சிரிக்க வைத்தார். அவர் சிலை கரையில் நிற்கிறது. பக்கத்திலேயே, ஆர்லிங்டனில் அவர் சமாதியில் எரியும் சுடரிலிருந்து 2013-இல் கொண்டு வந்து ஏற்றிய விளக்கும் எரிகிறது.

பெரும்பாலோர் இதோடு கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஊருக்குள் ஏறிப் போங்கள். தெருக்கள் செங்குத்து, நல்ல செருப்பு வேண்டும். மேலே மார்ஷல் காலத்துப் புனித மேரி ஆலயத்தின் இடிபாடு இருக்கிறது. நகர மதிலின் மிச்சங்களும் அங்கங்கே உண்டு.

இந்த மதிலின் கதைதான் எனக்கு மிகப் பிடித்தது. 1265-இல் இரண்டு பிரபுக்களுக்குள் சண்டை. நடுவில் மாட்டிக்கொள்வோம் என்று பயந்த ஊர்க்காரர்கள் மதில் கட்ட முடிவு செய்தார்கள். கூலிக்கு ஆள் வைத்துப் பார்த்தார்கள், வேலை நகரவில்லை. சரி, நாமே இறங்குவோம் என்று நாளுக்கு ஒரு தொழில்காரர் எனப் பிரித்துக்கொண்டார்கள். திங்களன்று வணிகர்கள், அப்புறம் தையல்காரர்கள், ரொட்டி சுடுபவர்கள் என்று, கொடி பிடித்துக் குழலூதிக்கொண்டு அகழி வெட்டப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் முறை, கல் சுமந்தார்கள். அந்தக் காலத்திலேயே பிரெஞ்சில் எழுதிய ஒரு நீண்ட பாட்டு இதையெல்லாம் சொல்கிறது. இப்படி ஒரு பதிவு எத்தனை ஊர்களுக்குக் கிடைத்திருக்கும்! 1798 ஜூன் 5 அன்று, ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்த கிளர்ச்சியாளர்கள் மதிலின் 'மூன்று குண்டு வாசல்' வழியாக நுழைந்து, பெரும் இழப்போடு துரத்தப்பட்டதும் இந்த ஊரில்தான்.

நடைமுறைக்கு வருவோம். ஊருக்குப் பயணிகள் ரயில் கிடையாது, பஸ் அல்லது கார்தான். டப்ளினிலிருந்து காரில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். கப்பல் பராமரிப்புக்குப் போயிருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். கார் இருந்தால், மார்ஷல் தன் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்காகக் கட்டிய ஹூக் கலங்கரை விளக்கத்துக்கும் போகலாம். அது இன்னும் வேலை செய்கிறது. அங்கிருந்து வாட்டர்ஃபோர்டு போவதென்றால் நியூ ராஸ் வழியாகச் சுற்ற வேண்டாம். பாலிஹாக்கில் காரோடு படகில் ஏறினால் சில நிமிடங்களில் எதிர்க்கரை.