கடமை உணர்வு ஒரு கவுன்சலரைத் தாங்குமா, தேய்க்குமா?

"கடமை உணர்வால்தான் கவுன்சலிங் வேலைக்கு வருகிறேன். அதுவே என்னைச் சோர்ந்துபோக வைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தக் கடமை உணர்வு என்பதைப் பொறுத்தது.

நான் நீலகிரியில் கூடலூர் பக்கம் கவுன்சலராக வேலை பார்க்கிறேன். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்து, இங்கே தேயிலைத் தோட்டத்தில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. என்னிடம் வருகிறவர்களில் பலரும் தோட்டத்து ஆட்கள்தான். ஓர் அக்கா கொழுந்து எடை போட்டு முடித்த பிறகுதான் வருவார். அரை நாள் கூலியை விட முடியாது. கணவரின் குடியைப் பற்றி வாய் திறக்கவே நேரம் பிடிக்கும். இருட்டினால் யானை நிற்கும் பாதை என்பதால் ஒரு கண் எப்போதும் கடிகாரத்தில் இருக்கும். அவருக்காகக் காத்திருப்பது எனக்குப் பாரமாகவே தெரிந்ததில்லை. பேசி முடித்து அவர் எழும்போது எனக்கும் தெம்பு வருகிறது.

அப்புறம் இன்னொரு வகைக் கடமை உணர்வு இருக்கிறது. ராத்திரி போன் அடிக்கும். எடுக்காவிட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்திலேயே எடுப்போம். மனதார ஏற்றுச் செய்வதையும், செய்யாவிட்டால் உறுத்துமே என்று செய்வதையும் டெசி, ரயன் என்ற உளவியலாளர்கள் வேறு வேறாகப் பார்த்தார்கள். வெளியே இரண்டும் ஒரே உழைப்பாகத்தான் தெரியும். ஆளைத் தின்பது இரண்டாவது.

கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் இந்தச் சோர்வுக்கு மூன்று முகங்களைச் சொன்னார்: மனம் வற்றுவது, வருகிறவர்களோடு ஒட்டாமல் போவது, 'என்ன செய்து என்ன' என்று தோன்றுவது. நடுவில் உள்ளதைத்தான் நான் அதிகம் கவனிக்கச் சொல்வேன். உருகி உருகி வேலை பார்த்த ஒருவர் அந்த அக்காவை 'குடி கேஸ்' என்று சொல்ல ஆரம்பித்தால், அந்தக் கவுன்சலருக்கு உடனே ஓய்வும் துணையும் வேண்டும்.

'என்னை விட்டால் ஆளில்லை' என்பது மலையில் பாதி உண்மை. அதனால்தான் இங்கே அதை உதறுவது கஷ்டம். அதற்காக அந்தச் சுமையை ஒருவர் தலையிலேயே வைப்பது நியாயமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய் வகைப்பாட்டிலும் இந்தச் சோர்வு வேலையோடு சேர்ந்த நிலை என்றுதான் இருக்கிறது. ராத்திரி நேரத்துக்கு அரசின் மனநல உதவி போன் சேவையான டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது, 24 மணி நேரமும் இலவசம். முதல் சந்திப்பிலேயே அதை எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

நேர்காணலுக்குப் போகும்போது சம்பளத்தோடு இதையும் கேளுங்கள்: வாரத்தில் ஒரு முறையாவது நான் கேட்டதையெல்லாம் உட்கார்ந்து பேச, மூத்த ஆலோசகர் ஒருவர் இருக்கிறாரா? நான் லீவு போட்டால் யார் பார்ப்பார்கள்? பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.