டி.என்.ஏ.வில் யுராசில் ஏன் இல்லை? சில கேள்விகள், பதில்கள்

டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டும் எந்தெந்த வேதிப்பொருள்களால் ஆனவை என்பது பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

பிளஸ் டூ மாணவி: மேடம், நியூக்ளியோசைடு, நியூக்ளியோடைடு இரண்டும் எனக்கு எப்போதும் குழம்புகிறது.

நைட்ரஜன் காரமும் (அடினைன், குவானைன், சைட்டோசின், தைமின், யுராசில் என ஐந்து) சர்க்கரையும் சேர்ந்தால் நியூக்ளியோசைடு. அதோடு பாஸ்பேட்டும் சேர்ந்துவிட்டால் நியூக்ளியோடைடு. அடினைனை எடுத்துக்கொள்ளம்மா. அது காரம். ஆர்.என்.ஏ.வின் சர்க்கரையான ரைபோஸ் சேர்ந்தால் அடினோசின். மூன்று பாஸ்பேட் சேர்ந்தால் ஏ.டி.பி. செல்லுக்கு ஆற்றல் தருவது என்று வேறொரு பாடத்தில் படித்தாயே, அதே ஏ.டி.பி.தான். ஆர்.என்.ஏ. கட்டும்போது செல் அதையே எடுத்து, இரண்டு பாஸ்பேட்டைக் கழற்றிவிட்டு, மீதியைச் சங்கிலியில் கோக்கிறது.

கல்லூரி மாணவர்: ஆர்.என்.ஏ.வில் யுராசில், டி.என்.ஏ.வில் தைமின். இரண்டுமே அடினைனோடுதான் ஜோடி சேர்கின்றன. அப்புறம் எதற்கு இரண்டு?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி தம்பி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். யுராசிலின் ஐந்தாவது கார்பனில் ஒரு மெத்தில் தொகுதியை ஒட்டினால் தைமின். வித்தியாசம் அவ்வளவுதான். அந்த ஒரு மெத்திலுக்காக செல் ஃபோலேட் என்ற வைட்டமின் உதவியோடு தனியாக ஒரு வினையே நடத்துகிறது. 5-ஃப்ளூரோயுராசில் என்ற புற்றுநோய் மருந்து கைவைப்பது அந்த வினையில்தான். தைமின் கிடைக்காமல் போனால் வேகமாகப் பெருகும் செல்லால் டி.என்.ஏ.வை நகலெடுக்க முடியாது.

இவ்வளவு செலவு எதற்கு என்றால், பிரச்சினை சைட்டோசினில் இருக்கிறது. சைட்டோசின் தண்ணீரில் இருக்கும்போது எப்போதாவது தன் அமினோ தொகுதியை இழக்கும். அந்த இடத்தில் ஆக்ஸிஜன் வந்து உட்காரும். இப்போது அது யுராசில். நம் செல் ஒவ்வொன்றிலும் ஒரு நாளைக்கு நூறு தடவை அளவுக்கு இது நடப்பதாகக் கணக்கு. அப்படியே விட்டால், அடுத்த நகலில் அந்த யுராசில் அடினைனை இழுத்துக்கொள்ளும். குவானைன்-சைட்டோசின் (ஜி-சி) ஜோடி இருந்த இடத்தில் அடினைன்-தைமின் (ஏ-டி) வந்துவிடும், அதாவது சடுதிமாற்றம்.

டி.என்.ஏ.வில் இயல்பாகவே யுராசில் இருந்திருந்தால், எது அசல், எது கெட்டுப்போன சைட்டோசின் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. தைமின் இருப்பதால், கண்ணில் படும் யுராசிலை எல்லாம் சந்தேகமில்லாமல் வெட்டி எறியலாம். வெட்டும் நொதியை 1974இல் கண்டறிந்தவர் தோமஸ் லிண்டால். 2015ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர். ஆர்.என்.ஏ. பெரும்பாலும் கொஞ்ச நேரம் வேலை பார்த்துவிட்டு உடைந்துபோவது, அதில் இவ்வளவு கவனம் தேவைப்படவில்லை.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. சில சைட்டோசின்களில் முன்பே மெத்தில் ஒட்டியிருக்கும். அவை அமினோவை இழந்தால் யுராசில் வராது, நேராகத் தைமினே வரும். கண்டுபிடிப்பது கஷ்டம். மனித மரபணுக்களில் அந்த இடங்களில் சடுதிமாற்றம் அதிகமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

மருந்தாளுநர் ஒருவர்: கொரோனா எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிக்கு ஏன் அவ்வளவு குளிர் தேவைப்பட்டது?

எம்.ஆர்.என்.ஏ.வும் ஓர் ஆர்.என்.ஏ.தான். அதிலுள்ள ரைபோஸின் இரண்டாவது கார்பனில் ஓர் ஓ.எச். தொகுதி இருக்கிறது, டி.என்.ஏ.வின் சர்க்கரையான டிஆக்ஸிரைபோஸில் அந்த ஆக்ஸிஜன் இல்லை. அந்த ஓ.எச். பக்கத்திலேயே இருக்கும் பாஸ்பேட்டைத் தாக்கி, சங்கிலியைத் தானே அறுத்துவிடும். குளிரில் இது வெகுவாகக் குறையும். ஃபைசர் தடுப்பூசியை முதலில் மைனஸ் 70 டிகிரி அளவில் வைக்கச் சொன்னதற்கு இது ஒரு காரணம். அதைச் சுற்றியிருக்கும் கொழுப்புத் துகள்களும் கெடாமல் இருக்க வேண்டுமே. அந்த எம்.ஆர்.என்.ஏ.வில் சாதாரண யூரிடினுக்கு (யுராசிலும் ரைபோஸும் சேர்ந்தது) பதிலாக மாற்றியமைத்த ஒன்றைப் போட்டிருந்தார்கள். அப்படி மாற்றினால் உடலின் எதிர்ப்பு அடங்குகிறது என்று 2005இல் காட்டிய கரிகோவுக்கும் வைஸ்மனுக்கும் 2023இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

ஒரு வாசகர்: அப்பாவுக்கு யூரிக் ஆசிட் கூடுதல். ஈரல், மத்தி, நெத்திலி கூடாது என்கிறார் மருத்துவர். இதற்கும் டி.என்.ஏ.வுக்கும் சம்பந்தம் உண்டா?

நேரடியான சம்பந்தம். அடினைன், குவானைன் இரண்டும் பியூரின்கள். நம் உடலில் அவை கடைசியில் யூரிக் அமிலமாகி நிற்கும். அதற்கு மேல் உடைக்கும் நொதி மனிதனிடம் இல்லை, நாய், எலி போன்றவற்றிடம் உண்டு. மற்ற மூன்று காரங்களான பிரிமிடின்களால் இந்தத் தொல்லை வராது, அவை நீரில் எளிதாகக் கரையும் பொருள்களாக உடைகின்றன. வாளை மீன் கழுவும்போது விரலில் வெள்ளிப்பொடி மாதிரி ஒட்டுமே, அதுவே குவானைன் படிகங்கள்தான். அப்பாவின் சாப்பாட்டு விஷயத்தில் மருத்துவர் சொன்னதையே கேளுங்கள்.

நீட் பயிற்சி மாணவர்: அடினைன் 30% என்றால் குவானைன் எவ்வளவு?

20%. தைமினும் 30, மீதி 40ஐ இரண்டாக்கு. அடினைன் அளவு தைமினுக்கும், குவானைன் அளவு சைட்டோசினுக்கும் சமம் என்ற இந்தச் சார்காஃப் விதி இரட்டை இழைக்கு மட்டும்தான். ஃபை எக்ஸ் 174 மாதிரி ஒற்றை இழை டி.என்.ஏ. வைரஸ் என்று கேள்வியில் இருந்தால் இந்தக் கணக்கைப் போடாதே.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: இந்தக் காரங்கள் விண்வெளியிலும் கிடைத்ததாமே?

உண்மைதான் ஐயா. பென்னு என்ற சிறுகோளிலிருந்து நாசா 2023இல் கொண்டுவந்த மண்ணில் ஐந்து காரங்களுமே இருந்ததாக 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். 1969இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் ரைபோஸ் இருப்பதாக 2019இல் கண்டார்கள். அந்த ஆய்வில் டிஆக்ஸிரைபோஸ் தென்படவில்லை. உயிர் முதலில் ஆர்.என்.ஏ.வில் தொடங்கியிருக்கலாம் என்பவர்களுக்கு இது சாதகமான செய்தி. நம் செல்களும் இன்றுவரை ஆர்.என்.ஏ.வுக்கான நியூக்ளியோடைடை முதலில் செய்து, பிறகு அதில் ஓர் ஆக்ஸிஜனை நீக்கித்தான் டி.என்.ஏ.வுக்கானதைத் தயாரிக்கின்றன.